ஆயாவின் அடையாள அட்டை: நான்கு முறை வரிசை, ஒரு ஓட்டு

தென்னாப்பிரிக்காவில் 2024 மே 29 தேர்தலுக்கு முன்னால் என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, ஸ்மார்ட் அடையாள அட்டை வாங்க நான்கு முறை அலைந்தேன். அட்டைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். அதைக் கையில் வாங்கும் வழிக்கு இரண்டுதான், அதுவும் கவுண்டரில் இருந்த ஒரு பெண்ணுக்காக.

நாங்கள் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஆயாவின் பச்சை அடையாளப் புத்தகம் பிஸ்கட் டப்பாவோடு மிதந்தது. வெயிலில் காயவைத்து எடுத்தோம், ஆனால் படம் இருந்த பக்கத்தில் பிளாஸ்டிக் உறை கிளம்பி, முகத்தில் பாதி பால் போல வெளுத்துவிட்டது. இங்கே ஓட்டுப் போட பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பார்கோடு உள்ள பச்சைப் புத்தகம், ஸ்மார்ட் அட்டை, தற்காலிக அடையாளச் சான்றிதழ், இந்த மூன்றில் ஒன்று வேண்டும், அதில் இருக்கும் படமும் நமது முகமும் ஒத்துப்போக வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் செல்லாது. உள்நாட்டில் ஓட்டுப் போட பாஸ்போர்ட்டும் செல்லாது. அதனால் பிப்ரவரியிலேயே கிளம்பினோம்.

முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, அட்டை கொடுக்கும் உள்துறை அலுவலகத்துக்குப் போனோம், எங்களுக்கு முன்னால் முப்பது பேராவது இருந்தார்கள். மடக்கு நாற்காலி, ஃப்ளாஸ்கில் டீ, ஆயாவுக்கு மாத்திரை எல்லாம் கையில். எட்டு மணிக்குக் கதவு திறந்தது, பத்தரைக்கு ஒருவர் வெளியே வந்து "சிஸ்டம் ஆஃப்லைன்" என்றார், அவ்வளவுதான். எப்போது திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மணி வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். எந்தக் கிளை என்று எழுதவில்லை, ஒரு கிளையின் பெயரைச் சொல்லித் திட்டுவது என் நோக்கமில்லை. என் கோபமெல்லாம், வயதானவர்களை வாசலில் வெயிலில் உட்காரவைத்துவிட்டு ஒரு தகவல்கூடச் சொல்லாத அந்தப் பழக்கத்தின் மேல்தான்.

இரண்டாவது முறை கவுண்டர் வரை போய்விட்டோம். அங்கே வேறு சிக்கல். பச்சைப் புத்தகத்தில் ஆயாவின் பெயர் ஒரு மாதிரி, பிறப்புப் பதிவில் கடைசியில் ஒரு ஹெச் (H) எழுத்து கூடுதல். இது எங்கள் ஆட்களின் பரம்பரை வியாதி. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த காலத்தில் கவுண்டர் என்ற பெயர் கோவெண்டர் ஆனது, முதலியார் மூட்லி ஆனது, எழுதினவர் காதில் எப்படி விழுந்ததோ அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. இப்போது கணினி அந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு நீ அவள் இல்லை என்கிறது. போலீஸ் நிலையத்தில் அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். சரி என்று மூன்றாவது முறைக்கு நாள் குறித்தோம்.

மூன்றாவது நாள்தான் அந்தப் பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஜூலு பெண். ஆயாவுக்கு 81 வயது, முப்பது வருடம் துணி ஆலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு வீட்டில் பாத்திரமும் துணியும். விரல் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. கண்ணாடித் தட்டில் விரலை வைக்க வைக்க சிவப்பு விளக்குதான் எரிந்தது. எட்டு முறையாவது இருக்கும். ஆயா தலையைக் குனிந்துகொண்டு, "விடு கண்ணு, வீட்டுக்குப் போகலாம்" என்றார். அந்தப் பெண் எழுந்து கவுண்டரைச் சுற்றி வந்து, தன் பையிலிருந்த கிரீமை எடுத்து ஆயாவின் ஒவ்வொரு விரலிலும் தடவி, நன்றாகத் தேய்த்து, துணியால் லேசாக ஒற்றி, "கோகோ, இப்போது மெதுவாக" என்று தானே விரலைப் பிடித்து அழுத்தினாள். கோகோ என்றால் ஜூலுவில் பாட்டி. பச்சை விளக்கு எரிந்தது. ஆயா அவள் கன்னத்தைத் தொட்டுக் கையை முத்தமிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் கொடுக்கும் இரண்டு நட்சத்திரமும் அவளுக்கே.

அட்டை தயார் என்று இரண்டு வாரத்தில் போனுக்குச் செய்தி வந்தது. வாங்கப் போகும்போது மறுபடியும் விரல் வைக்க வேண்டும், இந்த முறை கிரீமை நாங்களே கொண்டுபோனோம்.

அட்டை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. கெட்டியான பிளாஸ்டிக், எழுத்து உள்ளே பொறித்தது போல, நகத்தால் சுரண்டினாலும் வராது. தண்ணீரில் விழுந்தாலும் கவலையில்லை, எங்கள் ஊரில் அது பெரிய விஷயம். பச்சைப் புத்தகத்தில் படத்தைக் கிழித்து வேறு படம் ஒட்டுகிற மோசடி நிறைய நடந்தது, இதில் அது சுலபமில்லை. 13 இலக்க எண் அதே எண்தான், முதல் ஆறும் பிறந்த தேதி. 1986-க்கு முன் அந்த எண்ணிலேயே நாம் எந்த இனம் என்பதையும் பதித்து வைத்திருந்தார்கள். ஆயாவுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது, புது அட்டையை வாங்கியதும் முதலில் எண்ணைத்தான் விரல் வைத்துப் படித்தார்.

எனக்கு என் அட்டை வங்கிக் கிளை வழியாகக் கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்து 140 ரேண்ட் கட்டி நேரம் குறித்துக்கொண்டு போனால் படம், விரல் ரேகை, கையெழுத்து எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு இணையம் வேண்டும், வங்கிக் கணக்கு ஆன்லைனில் இருக்க வேண்டும், பெயரில் ஹெச் சிக்கல் இருக்கக் கூடாது. அதாவது யாருக்கு வரிசையில் நிற்க உடம்பில் தெம்பு இருக்கிறதோ அவர்களுக்குத்தான் வரிசையே இல்லை.

ஓட்டுக்கு அடையாளம் கேட்பது சரியா தப்பா என்ற சண்டை எல்லா நாட்டிலும் நடக்கிறது. பிரிட்டனில் 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில்தான் இங்கிலாந்து முழுவதும் முதன்முதலாகப் படத்தோடு அடையாளம் கேட்டார்கள். முதியவர்களின் பஸ் பாஸ் செல்லும், இளைஞர்களின் ரயில் அட்டை செல்லாது என்று வைத்ததில் பெரிய சர்ச்சை. இந்தியாவில் வாக்காளர் அட்டை இல்லையென்றாலும் ஆதார், பாஸ்போர்ட், லைசென்ஸ் என்று வேறு பலதையும் ஏற்கிறார்கள். இங்கே இந்தச் சண்டை 1999-லேயே அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. பார்கோடு இல்லாத பழைய அடையாளப் புத்தகம் வைத்திருந்த லட்சக்கணக்கானவர்கள் ஓட்டை இழப்பார்கள் என்று வாதிட்டார்கள். பார்கோடு புத்தகம் கேட்பது செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் எங்கள் டர்பன்காரர், நீதிபதி சாக் யாக்கூப். நீதிபதி கேட் ஓ'ரீகன் மட்டும் அது நியாயமில்லை என்று மாறுபட்டு எழுதினார். நான் யாக்கூப் பக்கம்தான் சாய்வேன், ஒருவர் ஓட்டை இன்னொருவர் போட முடியாது என்பது ஏழைக்கும் பாதுகாப்பு. ஆனால் அட்டை கேட்கிற அரசு, அட்டையைக் கையில் சேர்க்கிற வேலையையும் தன் தலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓ'ரீகன் சொன்னதன் கனம் எனக்கு அந்த ஐந்து மணி வரிசையில்தான் புரிந்தது.

எதிர் வீட்டு அக்காவை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் டாக்ஸியில் எவனோ ஒருவன் அவருடைய கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். அடையாளப் புத்தகம் போய்விட்டது. ஆலையில் லீவு கிடைக்கவில்லை, தற்காலிகச் சான்றிதழ் வாங்கப் போக முடியவில்லை. வீட்டில் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனார். அதில் அதே 13 இலக்க எண் இருக்கிறது, படம் இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறது, சாவடியில் உட்கார்ந்திருந்தவருக்கே அவரைத் தெரியும். சட்டம் இடம் கொடுக்கவில்லை, திருப்பி அனுப்பினார்கள். நாட்டைவிட்டு வெளியே போக நம்புகிற ஆவணத்தை, நாட்டுக்குள்ளே ஓட்டுப் போட நம்பக் கூடாதா? பாஸ்போர்ட்டையும் ஏற்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும், இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆயாவின் பிஸ்கட் டப்பாவில் இன்னொரு காகிதமும் இருந்தது, அவருடைய தாத்தா ஒப்பந்தக் கூலியாக வந்தபோது எழுதிய பதிவின் நகல். ஒரு எண், அப்பா பெயர், வயது, ஜில்லா, கிராமம், உயரம், கடைசியில் "வலது முழங்காலில் தழும்பு". எங்கள் குடும்பத்தின் முதல் அடையாள அட்டை அந்தத் தழும்புதான். அதை எழுதிவைத்தது கரும்புத் தோட்டத்திலிருந்து ஓடினால் பிடிக்க. 1896-ல், டர்பன் இருக்கும் நேட்டாலில் சட்டம் போட்டு இந்தியர்கள் புதிதாக வாக்காளர் பட்டியலில் சேரும் வழியை அடைத்தார்கள். 1984-ல் நிறவெறி அரசு நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனி அவை வைத்தபோது ஆயா ஓட்டுப் போடப் போகவில்லை, இங்கே பெரும்பாலோர் போகவில்லை. ஆக 1994-ல் தான் முதல் ஓட்டு, அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

மே 29 அன்று பள்ளிக்கூட வாசலில் வரிசை தெருமுனை வரை. நாற்காலியைப் பார்த்ததும் ஜனங்களே முன்னால் விட்டார்கள். அட்டையை மெஷினில் காட்டியதும் ஆயாவின் பெயர் திரையில் வந்தது. இடது கட்டைவிரலில் மை, கையில் மூன்று வாக்குச் சீட்டு. வெளியே வந்து அந்த விரலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் அட்டை மாற்ற நினைப்பவர்கள் இப்போதே போங்கள், கடைசி மாதத்தில் கூட்டம் தாங்காது. பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்துகளை வீட்டிலேயே சரிபாருங்கள், வித்தியாசம் இருந்தால் அஃபிடவிட்டோடு போங்கள். வயதானவர்களைக் கூட்டிப்போனால் மடக்கு நாற்காலியும் கைக்குத் தடவ கிரீமும் எடுத்துப் போங்கள்.