‘குரூப்ல போட்டாச்சே, பார்க்கலையா?’ – அப்பார்ட்மெண்ட் சங்க அறிவிப்புகளோடு 11 வருடம்

2014-இல் சென்னை பள்ளிக்கரணைப் பக்கம் 84 வீடுகள் உள்ள ஒரு அப்பார்ட்மெண்ட்டுக்குக் குடிவந்தேன். முதல் மூன்று வருடம் வாடகை, அப்புறம் அதே பிளாக்கில் சொந்த வீடு. நடுவில் ஒரு வருடம் சங்கத்தில் இணைச் செயலாளர். அறிவிப்பு வரவில்லை என்று திட்டியவனும் நான்தான், அறிவிப்பு போட்டுத் திட்டு வாங்கியவனும் நான்தான். அதனால் இரண்டு பக்கத்தையும் எழுத எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

நான் வந்த புதிதில் அறிவிப்புக்கு ஒரு நீளமான கணக்கு நோட்டுதான். செயலாளர் ஒரு பக்கத்தில் செய்தியை எழுதித் தருவார். வாட்ச்மேன் அண்ணன் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்குவார். பூட்டியிருக்கும் வீட்டுக்கு மாலையில் மறுபடி போவார். 84 வீடும் முடிய இரண்டு நாள் ஆகும். ‘நாளை தொட்டி சுத்தம் செய்கிறோம்’ என்ற செய்தி, தொட்டி சுத்தமான மறுநாள் என்னிடம் வந்ததுண்டு. ஆனாலும் அந்த நோட்டில் ஒரு நியாயம் இருந்தது. கதவைத் திறப்பவர் உரிமையாளரா, வாடகைக்காரரா, ஊரிலிருந்து வந்த மாமியாரா என்று அது கேட்காது. கையெழுத்துப் போட்ட பிறகு ‘எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்று யாரும் சண்டைக்கும் வர முடியாது.

2016-இல் வாட்ஸ்அப் குரூப் வந்தது, நோட்டு பரணுக்குப் போனது. குரூப்பில் உரிமையாளர்கள் மட்டும். நான் வாடகைக்காரன், என் வீட்டு உரிமையாளர் துபாயில். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். காலை எட்டு மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்று குரூப்பில் வந்த செய்தியை அவர் எழுந்து பார்த்து எனக்கு அனுப்பியபோது மணி 8.20. தலையில் ஷாம்பூவோடு நான் குளியலறையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கெட்டில் இருந்த அரை வாளித் தண்ணீர்தான் மானத்தைக் காப்பாற்றியது.

கேட்டால், “சங்கத்தில் உறுப்பினர் ஓனர்தானே சார்?” என்றார்கள். சட்டப்படி சரிதான். 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் இயற்றி, 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் சங்கம் என்பது உரிமையாளர்களுடையதுதான். ஓட்டு அவர்களுக்கு இருக்கட்டும். மோட்டார் ரிப்பேர் என்ற செய்தி துபாய்க்குப் போய் என்ன பயன்?

2019 கோடையை மறக்க முடியாது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். குரூப்பில் ஒரு நாளைக்கு நாற்பது முறை ‘லாரி வந்துச்சா?’ என்ற கேள்விதான். ஒருவர் பதில் சொல்வார், அந்தப் பதில் மேலே போய்விடும், அடுத்தவர் மறுபடி கேட்பார். பொறுக்க முடியாமல் பிளம்பர் தம்பிதான் ஒரு வெள்ளைப் போர்டைத் தரைத்தளத்தில் லிப்ட் பக்கத்தில் மாட்டினார். ‘12,000 லிட்டர் லாரி 2 வந்தது. சம்ப் பாதி. மாலை 6–7 தண்ணீர் வரும்.’ தமிழில் மூன்று வரி, வாட்ச்மேன் கையெழுத்தில். வேலைக்கு வரும் அக்காக்கள் உட்பட எல்லோரும் படித்தார்கள். இந்த 11 வருடத்தில் சங்கம் செய்த மிகச் சிறந்த தகவல் ஏற்பாடு இதுதான் என்பேன். அதைச் சங்கம் செய்யவே இல்லை என்பது வேறு விஷயம்.

அட்மின் மட்டும் செய்தி போடும் வசதி வாட்ஸ்அப்பில் 2018-லேயே வந்துவிட்டது. எங்கள் சங்கம் அதைக் கண்டுபிடிக்க 2020 ஆனது. அறிவிப்புக்கு ஒரு குரூப், அரட்டைக்கு ஒரு குரூப் என்று பிரித்தார்கள். “எங்கள் வாயை அடைக்கிறீர்களா?” என்று ஒரு வாரம் கொந்தளிப்பு. அப்புறம் குட்மார்னிங் ரோஜாப்பூ, நாய்ச் சண்டை, பார்க்கிங் வழக்கு எல்லாம் அரட்டைக்கு ஒதுங்க, அறிவிப்பு குரூப்பில் அமைதி. ஆனால் திருப்பிப் பேச வழியில்லாத இடத்தில் தப்பு நேர்ந்தால் அது அப்படியே நிற்கும். நான் இணைச் செயலாளராக இருந்தபோது ஒரு மின்தடை அறிவிப்பில் தேதி ஒன்று, கிழமை வேறு என்று போட்டுவிட்டேன். யாராலும் கீழே எழுதித் திருத்த முடியாததால் என் போன் மதியம் வரை அடித்துக்கொண்டே இருந்தது.

பணம் சம்பந்தப்பட்ட செய்திக்கு வாட்ஸ்அப் ஆகவே ஆகாது. இதை நான் சூடுபட்டுக் கற்றேன். 2022-இல் மாதப் பராமரிப்பை 3,500 ரூபாயிலிருந்து 4,200 ஆக்கினோம். ‘ஏப்ரல் முதல் 4,200’ என்று ஒரே வரி போட்டேன். அரட்டை குரூப் தீப்பிடித்தது. போதாததற்கு, இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு பக்கக் கடிதம் அச்சடித்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். செக்யூரிட்டி சம்பளம், லிப்ட் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), ஜெனரேட்டர் டீசல், கழிவுநீர் சுத்திகரிப்பு ஆகியவற்றுக்குப் போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று ஒரு அட்டவணை. ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி., நாம் இரண்டாவதைத் தாண்டினாலும் முதலாவதைத் தாண்டவில்லை என்று இரண்டு வரி. அத்தோடு அடங்கியது. முதல் நாளே கொடுத்திருக்க வேண்டிய கடிதம் அது.

பாக்கி வைத்தவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் வழக்கமும் எங்களிடம் இருந்தது. ஒருமுறை, ரிட்டயரான ஒரு சாரின் வீட்டு எண் அதில் வந்துவிட்டது. அவர் செக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது, பதிவு செய்ய மறந்தது நாங்கள். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார், ஆனால் அப்புறம் பொதுக்குழுவுக்கு அவர் வரவேயில்லை. அந்த வருடமே பட்டியல் ஒட்டுவதை நிறுத்தினோம்.

2021 முதல், அப்பார்ட்மெண்ட் நிர்வாகத்துக்கென்றே உள்ள செயலி. எதன் பெயரையும் சொல்லப்போவதில்லை. ரசீது உடனே வருகிறது, வேலைக்கு வருபவர் கேட்டைத் தாண்டியது தெரிகிறது, வாக்கெடுப்பு நடத்த முடிகிறது. இதெல்லாம் உண்மையான வசதி. சிக்கல் என்னவென்றால், ‘கேட்டில் டெலிவரி வந்திருக்கிறார்’ என்று ஒரு நாளைக்குப் பத்து முறை அலறும் அதே மணிதான் ‘நாளை தண்ணீர் வராது’ என்பதற்கும் அடிக்கிறது. நான்கே மாதத்தில் பாதிப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டார்கள். புகார்ப் பகுதி இன்னும் வேடிக்கை. என் பால்கனிக் கசிவுக்கு ‘முடிந்தது’ என்று பச்சை நிறத்தில் பதில் வந்தது, கசிவும் வந்துகொண்டேயிருந்தது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இதையெல்லாம் ஒரே இரவில் சோதித்தது. மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை, செயலி கல்லாகக் கிடந்தது. தரைத்தளத்தில் தண்ணீர், ஆகவே லிப்ட் பக்கத்துப் போர்டையும் யாரும் பார்க்க முடியாது. வாட்ச்மேன் அண்ணன் விசிலோடு மாடி மாடியாக ஏறினார். படிக்கட்டுத் திருப்பங்களில் காலண்டர் தாளைக் கிழித்து எழுதி ஒட்டினோம்: படகு வரும் நேரம், பால் பாக்கெட் எந்த வீட்டில் இருக்கிறது, யார் வீட்டில் இன்வெர்ட்டர் இன்னும் ஓடுகிறது. இரண்டாம் மாடி மாமி, எனக்குத் தெரிந்து எந்தக் குரூப்பிலும் இல்லாதவர், அந்த மூன்று நாளும் எல்லோரையும்விட விவரமாக இருந்தார்.

இப்போது வாடகைக்கு வருபவரின் எண்ணையும் முதல் நாளே வாங்கி அறிவிப்பு குரூப்பில் சேர்க்கிறார்கள். தண்ணீர், மின்சாரம், லிப்ட் என்றால் செயலியோடு ஒவ்வொரு மாடிப் படிக்கட்டிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தாள் ஒட்ட வேண்டும் என்பதும் பொதுக்குழுவில் தீர்மானமாகி மினிட்ஸில் ஏறிவிட்டது. பெரும்பாலும் நடக்கிறது. வெள்ளைப் போர்டும் அதே இடத்தில் இருக்கிறது. மார்க்கரை மட்டும் யாராவது எடுத்துப் போய்விடுகிறார்கள். போன வாரம் நானே ஒன்று வாங்கி, நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.