பம்பை மாற்றும் முன் குழாயைப் பாருங்கள்: முக்கால், ஒன்று, ஒன்றேகால் அங்குலம்

கடல்நீர்த் தொட்டிக்குப் பம்ப் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறோம். அது பம்ப் எந்த உயரத்துக்கும் ஏற்றாமல், குழாய் மாட்டாமல் தள்ளும் அளவு. கீழே சம்ப்பிலிருந்து (தொட்டிக்கு அடியில் வைக்கும் துணைத் தொட்டி) மேலே எவ்வளவு நீர் போய்ச் சேரும் என்பதில் குழாயின் உள்விட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. என் முதல் தொட்டியில் முக்கால் அங்குலக் குழாயை வைத்துக்கொண்டு, ஓட்டம் போதவில்லை என்று பம்பை இரண்டு முறை மாற்றினேன். குறை குழாயில் இருந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொட்டி 600 லிட்டர். மணிக்கு ஐந்து முறை நீர் சம்ப்பைச் சுற்றி வர 3000 லிட்டர் தேவை. சம்ப் நீர்மட்டத்திலிருந்து தொட்டி நீர்மட்டம் வரை 1.2 மீட்டர், பம்ப் நீருக்குள் எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் இந்த உயரம் மாறாது. குழாய் 2 மீட்டர், எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு) 4. ஒவ்வொரு எல்போவும் தன் உள்விட்டத்தைப் போல் ஏறக்குறைய 30 மடங்கு நீளமுள்ள நேர்க் குழாய்க்குச் சமம்.

குழாய் உராய்வைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில் இட்டால், 20 மில்லிமீட்டர் (முக்கால் அங்குலம்) உள்விட்டத்தில் உராய்வு மட்டும் 1.6 மீட்டர் ஹெட்டை, அதாவது பம்ப் நீரைத் தூக்கக்கூடிய உயரத்தை, தின்றுவிடுகிறது. தூக்க வேண்டிய உயரத்தைவிட இது அதிகம். 25 மில்லிமீட்டரில் (ஒரு அங்குலம்) 0.6 மீட்டர். 32 மில்லிமீட்டரில் (ஒன்றேகால் அங்குலம்) 0.2 மீட்டர்தான். உயரத்தையும் சேர்த்தால் பம்ப் எதிர்கொள்ளும் மொத்த ஹெட் முறையே 2.8, 1.8, 1.4 மீட்டர்.

முக்காலிலிருந்து ஒரு அங்குலத்துக்குப் போனால் ஒரு மீட்டர் ஹெட் மிச்சம். பம்பின் திறன் 30 சதவீதம் என்று கொண்டால் அது ஏறக்குறைய 28 வாட். இரவு பகலாக ஓடும் பம்புக்கு ஆண்டில் சுமார் 245 யூனிட். அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகித் தொட்டி நீரில் சேரும் என்பது அதைவிடக் கவலை தருவது. கோடையில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் அந்த வெப்பத்தையும் சேர்த்து இறக்க வேண்டியிருக்கும். ஒன்றேகால் அங்குலம் மேலும் 0.4 மீட்டரைத்தான் மிச்சப்படுத்துகிறது. வால்வும் இணைப்புகளும் விலை கூடும், அலமாரிக்குள் இடமும் அடைக்கும். எனவே என் தேர்வு ஒரு அங்குலம். குழாய் அடுத்த அறை வரை ஓடுகிறது என்றால் மட்டும் தயங்காமல் ஒன்றேகால் போடுங்கள்.

கடையில் மில்லிமீட்டர் கணக்கில் விற்கும் பிவிசி குழாய்களில் அந்த எண் வெளிவிட்டத்தைக் குறிக்கும். 25 என்று கேட்டு வாங்கினால் உள்ளே 25 இருக்காது. அளந்து வாங்குங்கள். பித்தளை வால்வும் வேண்டாம். அதிலுள்ள செம்பு கசிந்தால் பவளமும் இறாலும் தாங்காது.

பவளங்களுக்கு வேண்டிய வேகமான ஓட்டத்தையும் இதே குழாய் வழியாகத் தரலாமா என்று பலர் கேட்கிறார்கள். தொட்டி அளவைப் போல் 20 மடங்கு என்றால் மணிக்கு 12,000 லிட்டர். ஓட்டம் நான்கு மடங்கானால் உராய்வு 13 மடங்காகும். ஒரு அங்குலக் குழாயிலேயே 8 மீட்டரைத் தொட்டுவிடும். அந்த வேலையைத் தொட்டிக்குள் வைத்து நீரை அங்கேயே சுழற்றும் வேவ் மேக்கரிடம் விடுவதே சரி. அது நீரை உயர்த்துவதில்லை, குழாய்க்குள் தள்ளுவதுமில்லை. அதனால் மிகக் குறைந்த வாட்டில் முடிகிறது.

தொட்டியிலிருந்து நீர் சம்ப்புக்குக் கீழிறங்கும் வழிக்கு டர்சோ, ஹெர்பி என்று இரண்டு குழாய் அமைப்புகள் உண்டு; டர்சோவா ஹெர்பியா என்றால் எனக்கு ஹெர்பிதான். டர்சோவில் காற்றும் நீரும் கலந்து இறங்குவதால் சலசலப்பு உண்டு, அதே குழாய் கொண்டுசெல்லும் நீரும் குறைவு. ஹெர்பியில் கேட் வால்வால் (ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வால்வு) சரிசெய்த முழுச் சைஃபன், அதாவது காற்றின்றிக் குழாய் நிறைந்த நீர், ஓசையின்றி இறங்கும். ஆனால் ஒரு நத்தை அடைத்தாலும் ஓட்டம் நின்றுவிடும். ஆகவே பக்கத்திலுள்ள அவசரக் குழாய் தனியாகவே 3000 லிட்டரையும் தாங்க வேண்டும். மீன் விடுவதற்கு முன்பே கேட் வால்வை முழுக்க மூடி இதைச் சோதித்துவிடுங்கள்.

அன்றே மேலே வரும் நீரை 10 லிட்டர் வாளியில் பிடித்துக் கடிகாரத்தையும் பாருங்கள். 12 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 3000 லிட்டர் வருகிறது. 20 விநாடி ஆனால் 1800தான்.