ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் கிரிக்கெட்: எல்லாம் சரி, பந்து மட்டும் தட்டித் தட்டி ஓடுகிறது

தள்ளுபடியில் விலை இறங்கியதிலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்வி: "ஸ்டிக் ஒன்று வாங்கிக்கொண்டு டிடிஎச்சை நிறுத்திவிடலாமா?" டிவியின் எச்டிஎம்ஐ ஓட்டையில் சொருகி, நெட் வழியாக ஆப்களில் படம் பார்க்கும் சின்னக் கருவிதான் இந்த ஸ்டிக். ரிமோட், ஆப், குரல் தேடல் எல்லாம் தெரிந்த சங்கதி, விட்டுவிடுவோம். வருடக்கணக்கில் ஓடியும் மக்கர் பண்ணாத சாமான் இது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவது முழுக்கத் திட்டுதான்.

பிட்ச்சை நேராகக் காட்டும் கேமராவில் குறை எதுவும் தெரியாது. கவர் டிரைவ் அடித்ததும் கேமரா பந்தைத் துரத்திக்கொண்டு பவுண்டரிப் பக்கம் திரும்புகிறதே, அப்போது பாருங்கள். கயிற்றுக்குப் பின்னால் இருக்கும் விளம்பரப் பலகையின் எழுத்துகள் வழுக்கிக்கொண்டு போகாமல் தட்டித் தட்டிப் போகும். நேரலைச் செய்தியில் கீழே ஓடும் வரியிலும் அதே நடுக்கம். இதற்காக ரவுட்டரை மாற்றிப் புண்ணியமில்லை. நெட் மோசமென்றால் படம் மங்கும், இல்லையென்றால் வட்டம் சுற்றும். ஒரே தாளத்தில் உதறினால் அது நெட் இல்லை.

நம் நாட்டு ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் மரபில் வந்தது. ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. கிரிக்கெட் நேரலையை நல்ல தரத்தில் தரும்போது நொடிக்கு 50 ஃப்ரேம், அதாவது 50 தனித்தனிப் படம். ஸ்டிக்கோ மாட்டியதுமே 60 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொள்கிறது. 50 ஃப்ரேமை வைத்து 60 இடத்தை நிரப்ப, ஐந்தில் ஒரு ஃப்ரேமை இரண்டு முறை காட்டியாக வேண்டும். நொடிக்குப் பத்து உதறல். டிடிஎச் பெட்டி 50-லேயே அனுப்புவதால் அதே டிவியில் பந்து சுத்தமாக ஓடுகிறது. போனிலும் கணக்கு இடிக்கத்தான் செய்யும், 120 ஹெர்ட்ஸ் போனாக இருந்தாலும் 50-ஆல் வகுபடாது. திரை சின்னது என்பதால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பலர் செய்வது, டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை ஏற்றிவிடுவது. செய்யாதீர்கள். இல்லாத ஃப்ரேமை டிவி தானாக வரைந்து சொருகும். வேகப்பந்து நடுவழியில் மறையும், மட்டையைச் சுற்றி ஒரு கலங்கல் தெரியும்.

ஸ்டிக்கின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குள் 'மேட்ச் ஃப்ரேம் ரேட்' (வருகிற வீடியோவின் ஃப்ரேம் கணக்குக்குத் திரையை ஒத்துப்போக வைப்பது) என்ற பொருளில் ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். மேட்ச் தொடங்கியதும் திரை ஒன்றிரண்டு நொடி கறுத்துத் திரும்பினால் மாறிவிட்டது என்று அர்த்தம். டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள், 50 ஹெர்ட்ஸ் என்று காட்ட வேண்டும். காட்டவில்லையா? ஆப் ஒத்துழைக்கவில்லை. அப்போது ஸ்டிக்கின் ரெசல்யூஷன் பட்டியலில் ஆட்டோவை விட்டு 1080பி 50 ஹெர்ட்ஸை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். உதறல் அந்த நிமிடமே போய்விடும். ஆனால் சினிமா 24 ஃப்ரேம். 50-ல் விட்டால் அது நொடிக்கு இரண்டு முறை இடறும். ஆக, மேட்ச்சுக்கு ஒரு முறை, படத்துக்கு ஒரு முறை என்று மெனுவுக்குள் போய்வர வேண்டும். 50 ஹெர்ட்ஸ் நாட்டில் விற்கும் பொருளுக்கு இந்த வேலையை வாங்குகிறவன் தலையில் கட்டியது யார் யோசனையோ!

இன்னொன்று: டிவியின் யூஎஸ்பி ஓட்டையிலிருந்து கரன்ட் கொடுக்காதீர்கள். பழைய யூஎஸ்பி 2.0 என்றால் அரை ஆம்பியர்தான் தரும். கூட வந்த அடாப்டரையே சுவரில் சொருகுங்கள். டிவி முதுகில் ஒட்டி ஸ்டிக் சூடானால் அதனாலும் ஃப்ரேம் விடுபடும். தள்ளி வைக்க சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் போதும்.

படத் தெளிவுக்கும் சீரியல், சினிமா பார்க்கவும் இந்த விலையில் இதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனாலும் கிரிக்கெட்டுக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் என் பதில் வேண்டாம். டிடிஎச்சை ரீசார்ஜ் செய்யுங்கள். ஐந்துக்கு இரண்டு ஸ்டார். அந்த மேட்ச் ஃப்ரேம் ரேட் ஆன் ஆகியே வந்திருந்தால் நான்கரை கொடுத்திருப்பேன்.