இரு கையிலும் வாள்: எந்த விதி தேறும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை வேடமேற்பு ஆட்டத்தின் 2014 விதிப்படி, இலகு ஆயுதத்தால் அட்டாக் ஆக்‌ஷன் (ஒரு டர்னின், அதாவது ஒருவரின் முறையின், முக்கியச் செயல்) எடுத்தபின் அந்த டர்னின் சிறு கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனைச் செலவழித்தால் மறுகையால் ஓர் அடி கிடைக்கும். அந்த அடியின் டேமேஜில் (எதிரிக்கு ஏற்படும் சேதம்) பாத்திரத்தின் திறனுக்கான கூட்டெண் சேராது. அதற்கான சண்டைப் பாணி (பாத்திரம் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பயிற்சி) இருந்தால் சேரும். பாணியும் இருந்து, எல்லா அடியும் படுவதாக வைத்துக்கொண்டால், முதல் லெவலில் (கூட்டெண் +3) ஒரு டர்னில் இரண்டு குறுவாளுக்குச் சராசரி டேமேஜ் 13. பெருவாளுக்கு அதன் பாணியோடு 11.3. ஐந்தாம் லெவலில் (+4) கணக்கு மாறி குறுவாளின் 22.5-க்கு எதிராகப் பெருவாள் 24.7. பதினோராம் லெவல் ஃபைட்டர் என்ற போர்வீரர் வகையிடம் (+5) 34-க்கு 40. லெவல் ஏற ஏற அட்டாக் ஆக்‌ஷனில் அடிகள் கூடுகின்றன, மறுகைக்கு மட்டும் எப்போதும் ஒன்றுதான்.

இதற்குப் பலரும் போடும் ஒட்டு, ஐந்தாம் லெவலில் மறுகைக்கும் இன்னோர் அடி கொடுப்பது. அங்கேதான் இடிக்கிறது. ஹன்டர்ஸ் மார்க் மந்திரத்தை எதிரிமேல் போட்ட ரேஞ்சருக்கு (வேட்டைக்காரர் வகை) ஒவ்வோர் அடியிலும் ஒரு டி6 (ஆறுமுகப் பகடை) சேரும்; நான்கு அடி பட்டால் 44. அதே ரேஞ்சர் பெருவாள் எடுத்தால் 29. பகடையைச் சின்னதாக்கினாலும் இது அடங்காது, ஏனென்றால் பெருகுவது வாளின் பகடை இல்லை, அடிக்கு அடி ஒட்டிவரும் கூடுதல்.

2024 திருத்தம் கைவைத்தது சரியான இடத்தில். நிக் மாஸ்டரி என்ற ஆயுதத் தேர்ச்சி மறுகை அடியை அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ளேயே சேர்த்துவிட்டு, போனஸ் ஆக்‌ஷனை விடுவிக்கிறது. முதல் டர்னிலேயே போனஸ் ஆக்‌ஷனில் மார்க் போடும் ஐந்தாம் லெவல் ரேஞ்சர் பழைய விதியில் மறுகையை இழந்து 22-ல் நிற்பார், புதியதில் 33. ரோக்குக்கும் (திருடர் வகை) லாபம்தான்: ஓர் அடியாவது படும் வாய்ப்பு 65%-லிருந்து இரண்டு முயற்சியில் 88% ஆகிறது, ஓடவோ ஒளியவோ போனஸ் ஆக்‌ஷனைப் பயன்படுத்தும் கன்னிங் ஆக்‌ஷனும் மிஞ்சுகிறது. ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் டேமேஜ் டர்னுக்கு ஒருமுறைதான் என்பதால் டேமேஜ் எகிறாது.

மேசையில் அடிக்கடி நடக்கும் தவறு இரண்டு. நிக் உள்ளவை கத்தி, அரிவாள், சிறு சுத்தியல், வளைவாள் மட்டுமே. இரண்டு குறுவாள் பிடித்தால் பலிக்காது. இன்னொன்று, மிஞ்சிய போனஸ் ஆக்‌ஷனில் மறுபடி ஓர் இலகு அடி உண்டு என்று நினைப்பது. டூயல் வீல்டர் ஃபீட் (பாத்திரம் தனியாகத் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) இல்லாமல் அது கிடையாது.

(டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய 3.5 பதிப்பில் ஃபீட் இல்லாமல் இரு கையாலும் அடித்தால் தாக்குதல் பகடையில் முதல் கைக்கு −6, மறுகைக்கு −10. ஃபீட்டும் இலகுவான மறுகை ஆயுதமும் சேர்ந்தால் −2, −2. ஒரு பாணிக்காக ஃபீட்டைக் கப்பமாகக் கட்டுவது!)

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு வேடமேற்பு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் கணக்கே வேறு. டர்னுக்கு மூன்று ஆக்‌ஷன். இரண்டாவது அடிக்குத் தாக்குதல் பகடையில் −5, அஜைல் (லாவகமான) ஆயுதமானால் −4. டபுள் ஸ்லைஸ் என்ற ஃபீட் இரண்டு ஆக்‌ஷனை எடுத்துக்கொண்டு இரு அடியையும் ஒரே அபராதத்தில் அடிக்க விடுகிறது. இரண்டாவது ஆயுதம் அஜைல் இல்லையென்றால் அதற்கு மட்டும் −2. இரு அடியின் டேமேஜையும் கூட்டிய பிறகே எதிரியின் எதிர்ப்பை (டேமேஜைக் குறைக்கும் எண்) கழிக்க வேண்டும். எதிர்ப்பு 5 உள்ள எதிரிமேல் 9, 9 என்று பட்டால் தனித்தனியாக 8-தான் போகும், சேர்த்தால் 13. 2014, 2024, பாத்ஃபைண்டர் மூன்றில் மிகச் சீரான விதி இதுதான். ஆனால் மூன்று ஆக்‌ஷன் முறையோடு பின்னிக் கிடப்பதால் பிடுங்கி வேறு ஆட்டத்தில் நட முடியாது.

ஆகவே 2014 விதியில் ஆடுபவர்கள் நிக்கை மட்டும் கடன் வாங்கலாம். பதினோராம் லெவல் ஃபைட்டருக்கு மட்டும் மறுகையில் இரண்டாவது அடி கொடுத்தால் குறுவாளின் 42.5-க்குப் பெருவாள் 40, அது பொறுக்கக்கூடிய வித்தியாசம். ரேஞ்சருக்கு அந்த இரண்டாவது அடியை நீட்டாதீர்கள்.