காவல் தூதர் விஷயத்தில் யார் எங்கே நிற்கிறார்கள்: கத்தோலிக்கர் முதல் பெந்தெகொஸ்தே வரை

ஒரே குடும்பத்துக்குள் ஆர்.சி.யும் (ரோமன் கத்தோலிக்கர்) சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) பெந்தெகொஸ்தேயும் கலந்திருப்பது நாகர்கோவில், தூத்துக்குடி பக்கமெல்லாம் சாதாரணம். ராத்திரி பிள்ளை படுக்கப் போகும்போது பாட்டி “காவல் சம்மனசிடம் வேண்டிக்கோ” என்பார் (சம்மனசு என்றால் தேவதூதர்), அப்பா “ஆண்டவரிடம் மட்டும் ஜெபம் பண்ணினால் போதும்” என்பார், சித்தி வந்திருந்தால், தூதர்கள் உன்னைக் காப்பார்கள் என்று வாக்களிக்கும் 91ஆம் சங்கீதத்தைச் சொல்லி வீட்டைச் சுற்றித் தூதர்களை நிறுத்திவிட்டுத்தான் படுக்கப் போவார். மூன்றும் ஒரே நம்பிக்கைதான், சொல்லும் விதம்தான் வேறு என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அப்படி இல்லை. இவற்றுக்குள் உண்மையான வித்தியாசம் இருக்கிறது, அது பிள்ளை வளர்ந்து ஒரு விபத்தையோ சாவையோ பார்க்கும்போது வெளியே வரும்.

தூதர்கள் உண்டா, கடவுள் அவர்களை அனுப்பி மனிதரைக் காக்கிறாரா என்பதில் இந்தச் சபைகள் எதற்கும் சந்தேகம் கிடையாது. “கர்த்தருடைய தூதன் அவருக்குப் பயந்தவர்களைச் சூழப் பாளயமிறங்கி அவர்களை விடுவிக்கிறார்” என்ற 34ஆம் சங்கீத வசனத்தை மறுக்கும் கிறிஸ்தவரை நான் பார்த்ததில்லை. பிரிவது மூன்று கேள்விகளில். எனக்கென்று ஒரு தூதர் இருக்கிறாரா? அவரிடம் நான் பேசலாமா? அவர் என்னை எதிலிருந்து காக்கிறார்? முதல் இரண்டுக்கும் நானூறு ஐந்நூறு வருஷமாகச் சண்டை நடக்கிறது. மூன்றாவதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒப்பிடுவதற்கு ஓர் உரைகல் வேண்டும். அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏரோது யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான், அப்புறம் பேதுருவைப் பிடித்து நான்கு வகுப்புச் சேவகரின் காவலில் வைக்கிறான். ராத்திரியில் தூதன் வந்து பேதுருவை விலாவில் தட்டி எழுப்புகிறான், சங்கிலிகள் விழுகின்றன, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. பேதுரு போய் வீட்டுக் கதவைத் தட்ட, ரோதை என்ற பெண் ஓடி வந்து சொன்னதை யாரும் நம்பவில்லை, “அவருடைய தூதனாயிருக்கலாம்” என்கிறார்கள். ஒரே அதிகாரத்தில் ஒருவருக்குத் தூதன் வந்தான், ஒருவருக்கு வரவில்லை. இரண்டு பேருமே இயேசுவுக்கு மிக நெருங்கிய சீஷர்கள். காவல் தூதரைப் பற்றி யார் என்ன போதித்தாலும் அந்த யாக்கோபின் தாய்க்கு முன்னால் நின்று அதைச் சொல்ல முடிய வேண்டும்.

முதலில் கத்தோலிக்கர். இவர்களிடம்தான் விவரம் அதிகம். மத்தேயு 18:10இல் இயேசு சிறு பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது “அவர்களுக்குரிய தேவதூதர்கள்” பரலோகத்தில் பிதாவின் சமுகத்தை எப்போதும் தரிசிக்கிறார்கள் என்கிறார். ஒவ்வோர் ஆத்துமாவுக்கும் பிறப்பு முதல் ஒரு தூதர் நியமிக்கப்படுவதற்கு இதையே ஆதாரமாகச் சொன்னார் புனித ஜெரோம். தோபித்து ஆகமத்தில் ரபேல் என்ற தூதர் ஆள் வேஷத்தில் வந்து இளைஞன் தோபியாவோடு நெடுந்தூரப் பயணம் போகிறார். அந்த ஆகமம் கத்தோலிக்க வேதாகமத்தில் உண்டு, புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இல்லை, பாதிச் சண்டைக்கு அதுவே காரணம். 1608இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் காவல் தூதர்களுக்குத் திருவிழா ஏற்படுத்தினார், 1670இல் பத்தாம் கிளமெண்ட் அதை அக்டோபர் 2 என்று உலகத் திருச்சபை முழுவதற்கும் ஆக்கினார். 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 336ஆம் எண்ணில், மனித வாழ்வு தொடக்கத்திலிருந்து சாவு வரை தூதர்களின் பாதுகாப்பாலும் பரிந்துரையாலும் சூழப்பட்டிருக்கிறது என்று சொல்கிறது. ஆளுக்கொரு தூதர் என்பதை விசுவாசக் கோட்பாடாக ஆயர்கள் கூடிய எந்தச் சங்கமும் அறுதியிட்டு அறிவித்ததில்லை. ஆனாலும் அது பொதுப் போதனை, எந்தக் கத்தோலிக்க வீட்டிலும் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதில் என் மனதை மிகவும் பிடித்தது 13ஆம் நூற்றாண்டின் இறையியல் அறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸ் சொன்னது. ஞானஸ்நானம் பெற்றவருக்கு மட்டுமா காவல் தூதர் என்று கேட்டு, இல்லை, பிறந்த ஒவ்வொரு மனிதருக்கும் உண்டு என்கிறார். கர்ப்பத்தில் இருக்கும்வரை தாயின் தூதரே குழந்தையையும் காக்கிறார், பிறந்ததும் அதற்கென்று ஒருவர். விசுவாசிக்காதவருக்கும் உண்டு, அந்திக்கிறிஸ்துவுக்குக்கூட உண்டு என்கிறார்! அவர் சொல்வது சரியென்றால் எதிர்வீட்டு முருக பக்தருக்கும், பக்கத்துத் தெருவில் தொழுகைக்குப் போகிறவருக்கும், சாமியே இல்லை என்கிறவருக்கும் ஆளுக்கொரு தூதர் நிற்கிறார். நம் ஊரில் அக்கம்பக்கத்தாரைப் பார்க்கும் பார்வையையே இது மாற்ற வேண்டும், ஆனால் எந்தப் பிரசங்கத்திலும் இதை நான் கேட்டதில்லை. தூதர் ஒருபோதும் ஒருவரை முழுதாகக் கைவிடுவதில்லை என்றும் அவர் சொல்கிறார், துன்பத்திலோ பாவத்திலோ விழாதபடி ஒவ்வொரு முறையும் தடுப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார். காவலின் முக்கிய வேலை மனதுக்கு வெளிச்சம் கொடுத்து நல்லதன் பக்கம் திருப்புவது. பாட்டி சொல்லும் பழைய செபத்தைக் கவனித்தால் இதுவே தெரியும். ஞான வெளிச்சம் கொடுத்து நடத்தும் என்றுதான் அதில் கேட்கிறோம், பேருந்து மோதாமல் பார்த்துக்கொள்ளும் என்று கேட்கவில்லை.

கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மரபு இதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது, ஆனால் ஞானஸ்நானத்துக்குப் பெரிய இடம் கொடுக்கிறது. அந்தச் சடங்கின் தொடக்க ஜெபத்தில் இந்த ஆளின் வாழ்வோடு ஒளியின் தூதனைச் சேர்த்துவிடும் என்று குருவானவர் வேண்டுகிறார். வழிபாட்டில் தவறாமல் வரும் ஒரு மன்றாட்டு, சமாதானத்தின் தூதனை, ஆத்துமாவையும் சரீரத்தையும் காக்கிறவரைக் கர்த்தரிடம் கேட்கிறது. காவல் தூதரை நோக்கியே பாடும் நீண்ட ஜெபமும் உண்டு. இங்கே ஒரு கடுமையும் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் பெரிய பசிலியார், புகை தேனீக்களை விரட்டுவதுபோல நம் பாவம் தூதரை விரட்டிவிடும் என்று எச்சரித்தார். ஒருபோதும் முழுதாகக் கைவிடார் என்ற அக்குவினாஸின் பேச்சையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், திருந்த விரும்பாதவருக்குப் பசிலியாரும், விழுந்து எழ முடியாமல் கிடக்கிறவருக்கு அக்குவினாஸும் தேவைப்படுவார்கள் என்று சொல்வேன். ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் அக்குவினாஸ்தான்.

புராட்டஸ்டண்டுகள் தூதரையே மறுக்கிறார்கள் என்று பல கத்தோலிக்கர் நினைக்கிறார்கள், அது தப்பு. 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் காலையிலும் மாலையிலும் சொல்ல ஒரு ஜெபம் வைத்தார். உம்முடைய பரிசுத்த தூதர் என்னோடு இருக்கட்டும், பொல்லாத சத்துரு என்மேல் அதிகாரம் கொள்ளாதிருக்கட்டும் என்று அது முடியும். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்குவோடு அந்த ஞானோபதேசம் தமிழுக்கும் வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் ஜெபப் புத்தகத்தில் செப்டம்பர் 29, மிகாவேல் திருநாளுக்கான ஜெபம், பரலோகத்தில் உமக்கு ஊழியம் செய்யும் தூதர்கள் உம்முடைய நியமனத்தால் பூமியில் எங்களுக்கு உதவி செய்து காக்கட்டும் என்று கேட்கிறது. 1947இல் உருவான சி.எஸ்.ஐ.யின் வேர்களில் ஒன்று அந்த ஆங்கிலிக்கன் மரபு. இரண்டு ஜெபங்களிலும் யாரை நோக்கிப் பேசுகிறோம் என்று பாருங்கள். தூதர் வருகிறார், ஆனால் கேட்பது கடவுளிடம்.

தூதரிடம் நேரே கேட்கக் கூடாது என்பதற்கு இவர்கள் காட்டும் வசனம் வலுவானது. வெளிப்படுத்தின விசேஷம் 22இல் யோவான் தூதனின் பாதத்தில் விழ, அவன் தடுத்து, நானும் உன்னோடே ஒரு ஊழியக்காரன், தேவனைத் தொழுதுகொள் என்கிறான். தொழுவது வேறு, எனக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்பது வேறு என்பது கத்தோலிக்கப் பதில், அதே புத்தகம் 8ஆம் அதிகாரத்தில் ஒரு தூதன் பரிசுத்தவான்களின் ஜெபங்களைத் தூபத்தோடு செலுத்துவதையும் அவர்கள் காட்டுவார்கள். எனக்கு அந்தப் பதில் நியாயமாகவே படுகிறது, ஆனால் பழக்கத்தில் கோடு அழிந்துபோகும் அபாயம் நிஜம். ரோமே அதை உணர்ந்திருக்கிறது. 745இல் ரோமில் கூடிய சங்கம் வேதத்தில் இல்லாத தூதர் பெயர்களைச் சொல்லி அழைப்பதைக் கண்டித்தது. 2001இல் வத்திக்கான் வெளியிட்ட மக்கள் பக்தி வழிகாட்டி, மிகாவேல், கபிரியேல், ரபேல் தவிர்த்துத் தூதர்களுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் வேண்டாம் என்றது. உங்கள் காவல் தூதரின் பெயரைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது கத்தோலிக்கப் பக்தியே கிடையாது.

லூத்தருக்கு அடுத்த தலைமுறைச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் இன்னும் ஒரு படி போனார். ஆளுக்கொரு தூதர் என்று உறுதியாகச் சொல்லத் துணிய மாட்டேன் என்றார். வானசேனை முழுவதும் உன்னைக் காக்கிறது என்பதில் திருப்தி இல்லாதவனுக்கு ஒரு தூதர் தனியாகக் கிடைத்து என்ன லாபம் என்று கேட்டார். வாதமாகப் பார்த்தால் இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் பயந்து விழித்துக்கொண்ட ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சேனை பெரிதாகத் தெரியாது, தன் பக்கத்தில் நிற்கும் ஒருவர்தான் தெரிவார், இயேசு மத்தேயு 18:10இல் சொன்னதும் சிறு பிள்ளைகளைப் பற்றித்தானே?

பெந்தெகொஸ்தே பக்கம் வந்தால் தூதர் என்பது பக்திப் பேச்சாக நிற்காது, நடப்பு விஷயம். எலிசா தீர்க்கதரிசியைச் சுற்றி அக்கினிமயமான குதிரைகளும் இரதங்களும் மலை நிறைய நின்றதை வாசித்துவிட்டு, இன்றைக்கும் அப்படியே என்று நம்புகிறார்கள், லாரி மோத வந்து தப்பியதைச் சாட்சியாகச் சொல்கிறார்கள். அந்த நேரடி நம்பிக்கையை நான் மதிக்கிறேன். மற்றச் சபைகளில் அது காய்ந்துபோயிருக்கிறது. ஆனால் சில ஊழியர்கள் இதற்கு மேலே போய், நாம் விசுவாசத்தோடு வசனத்தை அறிக்கையிட்டால், அதாவது வாய்விட்டுச் சொன்னால், தூதர்கள் நம் வார்த்தைக்குக் கீழ்ப்படிந்து புறப்படுவார்கள் என்கிறார்கள். எல்லாப் பெந்தெகொஸ்தே சபையும் இப்படிச் சொல்வதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 103ஆம் சங்கீதத்தை இதற்கு ஆதாரமாக எடுக்கிறார்கள், அந்த வசனமோ தூதர்கள் “அவருடைய வசனத்தின்படி” செய்கிறவர்கள் என்கிறது, அதாவது கர்த்தருடைய கட்டளைப்படி. 91ஆம் சங்கீதத்தைச் சொல்லி, உம்மைத் தூதர்கள் தாங்குவார்கள், தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதியும் என்று இயேசுவிடம் சொன்னவன் யார் என்பதை மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் வாசித்தால், அந்த வாக்குத்தத்தத்தை இயக்கிப் பார்க்கும் ஆசை எங்கே கொண்டுபோகும் என்று தெரியும்.

இப்போது யாக்கோபின் தாயிடம் போவோம். அறிக்கையிட்டால் தூதர் வருவார் என்ற போதனை அவளிடம் என்ன சொல்லும்? உன் மகனுக்காகச் சரியாக ஜெபிக்கவில்லை, விசுவாசம் போதவில்லை என்றுதான் சொல்ல முடியும். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் இதே வார்த்தையைச் சபையில் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கால்வின் கடவுளின் சித்தம் என்பார், உண்மைதான், ஆனால் அவளை அந்த இடத்திலேயே விட்டுவிடுவார். அக்குவினாஸ் வழியில் வந்தவர்களுக்கும் லூத்தருக்கும் மட்டும் சொல்ல ஒன்று இருக்கிறது. தூதர் யாக்கோபை விட்டுப் போகவில்லை, பட்டயம் விழுந்தபோதும் சத்துருவுக்கு அவன் ஆத்துமாமேல் அதிகாரம் இல்லாதபடி காத்தார். லூக்கா 16இல் செத்துப்போன ஏழை லாசருவை ஆபிரகாமின் மடிக்குக் கொண்டுபோனவர்கள் தூதர்களே. கெத்செமனேயில் ஒரு தூதன் வந்து இயேசுவைப் பலப்படுத்தினான், அவர் குடிக்க வேண்டிய பாடுகளின் பாத்திரத்தை எடுத்துவிடவில்லை. பன்னிரண்டு லேகியோனுக்கு (ரோமப் படைப்பிரிவு) அதிகமான தூதரை அனுப்ப முடிந்த பிதா அனுப்பவும் இல்லை. பேதுருவும் இன்னொரு முறை தூதன் வந்து கதவைத் திறக்கும் என்ற உறுதியோடு வாழவில்லை, தன் மரணம் எப்படி இருக்கும் என்பதை யோவான் 21இலேயே கேட்டுவிட்டவர் அவர்.

ஆகவே என் தீர்ப்பு கலப்பானது. எனக்கென்று ஒருவர் உண்டா என்பதில் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் பக்கம் நிற்கிறேன், நிரூபணம் முழுதாக இல்லையென்றாலும் மத்தேயு 18:10ஐ வேறு விதமாக வாசிப்பது எனக்கு இயல்பாக வரவில்லை. யாரிடம் கேட்பது என்பதில் லூத்தரின் ஜெபம் போதும், அதே நேரம் பாட்டியின் செபத்தை விக்கிரகாராதனை என்று சொல்ல மாட்டேன். எதிலிருந்து காவல் என்பதில் அக்குவினாஸ்.

கலப்புக் குடும்பத்தில் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்கிறவர்களுக்கு: லூத்தரின் அந்த வரி பாட்டிக்கும் அப்பாவுக்கும் சித்திக்கும் உறுத்தாது, மூவரும் சேர்ந்தே சொல்லலாம். சின்ன வயதில் இறந்த தம்பி தூதனாகிவிட்டான் என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தச் சபைகளில் எதுவும் அப்படிப் போதிக்கவில்லை, தூதர்கள் வேறு படைப்பு, தம்பி உயிர்த்தெழுதலிலும் தம்பியாகவே இருப்பான்.