பாரத ஸ்டேட் வங்கியின் டெல்லி எஃப்சிஆர்ஏ கணக்கு: பயன்பாட்டு மதிப்பீடு

வெளிநாட்டு அறக்கட்டளையோடு கைகோக்கும் இந்தியத் தொண்டு நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கை விட்டால் வேறு வழியில்லை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) 2020-ல் வந்த திருத்தத்தின்படி, அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளைக்குத்தான் வர வேண்டும்.

கணக்கு தொடங்க டெல்லிக்கு அலைய வேண்டாம். உள்ளூர்க் கிளையிலேயே ஆவணங்களைக் கொடுக்கலாம். அது பெரிய நிம்மதி. வந்த பணத்தைச் செலவழிக்க, உள்ளூரில் தனிப் பயன்பாட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதை எஃப்சி-6டி படிவத்தில் 45 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்காவிட்டால் சிக்கல்.

சறுக்கல் பெரும்பாலும் அனுப்புகிறவர் பக்கம். பணத்தோடு வங்கிகளுக்கிடையே போகும் ஸ்விஃப்ட் தகவலில் நன்கொடையாளரின் பெயர், முகவரி, நாடு, நோக்கம் நான்கும் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பணம் வரவாகாமல் நிற்கும்; கடிதப் போக்குவரத்து தொடங்கிவிடும். இந்த நான்கையும் தர வேண்டும் என்று நன்கொடையாளரோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். உள்நாட்டு நன்கொடையை மறந்தும் இதில் போடக் கூடாது. லண்டன் தமிழர் பிரிட்டிஷ் குடிமகனானால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை; இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சொந்தச் சேமிப்பைத் தந்தால் அப்படியில்லை. இந்த வேறுபாட்டில் தடுக்கி விழுகிறவர்கள் ஏராளம்.

வங்கியின் குறையல்ல, சட்டத்தின் இறுக்கம் இது: நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வந்த பணத்திலிருந்து சிறிய கிராம அமைப்புக்கு மறுமானியமாகப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. கூட்டாளிகளைச் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு இதுதான் பெரிய அடி. ஆண்டுக் கணக்கை எஃப்சி-4 படிவத்தில் டிசம்பர் 31க்குள் போட வேண்டும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.