சாளையா, நெய்மீனா?

நாகர்கோவில், குளச்சல் பக்கத்து வீடுகளில் மீன் இல்லாத மதியச் சோறு அரிது என்பதால், வீட்டுச் செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் மீன்சட்டியைத்தான் பார்க்க வேண்டும். நெய்மீன் (வஞ்சிரம்) முள் குறைவானது, பொரிப்பதற்கும் வாகானது. விருந்துக்கு அதுவே சரி. அன்றாடத்துக்கோ சாளையே (மத்தி) மேல் என்பேன்: விலை மிகக் குறைவு, ஒமேகா-3 கொழுப்பு நிறைந்தது, சிறிய மீன் என்பதால் நெய்மீனைவிடப் பாதரசம் சேர்வதும் குறைவு. தேங்காய் அரைத்து, குடம்புளி போட்டு, மண்சட்டியில் சிறுதீயில் வற்றவைத்தால் சிறுமுட்கள் மெத்தென்றாகி, அவற்றோடு கால்சியமும் உள்ளே போகும் (குழந்தைகளுக்கு மட்டும் நடுமுள்ளை எடுத்துவிட வேண்டும்). பக்கத்தில் அவித்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) இருந்தால் அரிசியும் மிச்சம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாட்களிலும் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சாளை கிடைப்பதுண்டு.